முதல் சொல்லோடு நின்ற சிவப்பு மை

அந்த அறையில் பன்னிரண்டு ஆசிரியர்கள் இருந்தோம். பன்னிரண்டு பேரும் சிரித்தோம்.

செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி. சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம் முடிந்து கண் சொக்குகிற பொழுது. மின்விசிறிக் காற்றில் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கருங்கல் ஜல்லியை வாசலில் பொறுக்கிவந்து மேலே வைத்திருந்தோம். என் பக்கத்து நாற்காலி மேரி டீச்சர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கேளுங்கப்பா, தூக்கம் போயிடும்" என்று உரக்கப் படித்தார்.

கேள்வி இது: 'பிரபஞ்சம் விரிவடைந்துகொண்டே இருப்பதால் இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒருபோதும் மோதிக்கொள்ள முடியாது. சரியா, தவறா? காரணம் கூறு.' ஐந்து மதிப்பெண்.

அந்தத் தாளில் ஒரு பெண் எழுதியிருந்த பதில் எனக்கு இன்றும் மனப்பாடம். 'தவறு. விரிவது தூரத்தில் இருப்பவற்றைத்தான் விலக்கும். கிட்டே இருப்பவற்றை ஈர்ப்பு விசை விடாது. மாசி மகம் முடிந்து மாமல்லபுரம் கடற்கரையில் கூட்டம் கலையும்போது எல்லாரும் ஒருவரை விட்டு ஒருவர் தூரமாகப் போகிறார்கள். ஆனால் படாளத்திலிருந்து வந்த நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, நெருங்கி வந்து, ஒரே டிராக்டரில் முட்டி மோதி ஏறுகிறோம். பக்கத்தில் இருக்கும் விண்மீன் மண்டலங்களும் அப்படித்தான் மோதிக்கொள்ளும்.'

"கேலக்ஸியெல்லாம் டிராக்டர் ஏறிப் படாளத்துக்குப் போவுதாம்பா" என்றார் மேரி டீச்சர். அறை அதிர்ந்தது. டீ கொண்டுவந்தவர்கூடக் காரணம் தெரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

கோபம் குறைந்துவிட்டதாம்

குவார்ட்டர்ஸ் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, 'டீச்சருக்கு வயதாகிவிட்டது, கோபம் குறைந்துவிட்டது' என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். இல்லை அம்மா, குறையவில்லை. சில கோபங்களை எழுதுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். இந்த வாரம் வந்திருக்கிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது ஒரு பள்ளியில் இயற்பியல் டீச்சர். என் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. ஒரு அறக்கட்டளை, பெயர் வேண்டாம், பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தேர்வு வைத்தது. முதல் பத்துப் பேருக்கு இரண்டு வருஷம் விடுதியோடு இலவசப் படிப்பு, அதுவும் அறிவியல் பிரிவில்.

பத்துக்குள் வந்தால் பிளஸ் டூ. வராவிட்டால் பெரும்பாலான வீடுகளில் பேச்சு முடிந்தது. கம்பெனி வேன் காலையில் தெருமுனைக்கு வரும், அக்காவோடு தங்கையும் ஏறவேண்டியதுதான். தேர்வு எழுதிய ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரியும். தாள் திருத்திய எங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தோம்.

சிவப்பு, பச்சை

பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முறையையே அந்த அறக்கட்டளையும் வைத்துக்கொண்டது. எண்ணையும் பெயரையும் கிழித்துவிட்டு வேறு ஒரு எண்ணைப் போட்டு எங்களிடம் கொடுப்பார்கள். திருத்துகிறவர்களுக்குச் சிவப்பு மை. எங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தலைமைத் திருத்துநருக்குப் பச்சை மை. அந்த வருஷம் பச்சை மை நடேசன் சாருடையது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வெள்ளைச் சட்டை, தும்பைப்பூ மாதிரி வேட்டி. திருத்திய தாளைப் பக்கத்து நாற்காலிக்காரர் கூட்டல் சரிபார்க்க வேண்டும். அப்படித்தான் நான் திருத்திய தாள் மேரி டீச்சர் கைக்குப் போனது.

ஆமாம், நான் திருத்திய தாள்தான். அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் பெரிய வட்டமாகச் சுழி போட்டிருந்ததும் நான்தான்.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன், ஆசிரியர்கள் என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். 'சரியா தவறா, காரணம் கூறு' என்ற கேள்விக்கு நாங்கள் யாரும் காரணத்தைப் படிப்பதில்லை. காலையில் அரைமணி நேரம் விடைக்குறிப்பைப் படித்துக்காட்டுவார்கள். அதில் 'சரி' என்று இருந்தால், தாளில் முதல் சொல் 'சரி'யா என்று கண் பார்க்கும். ஆமென்றால் கீழே நாலு வரி இருக்கிறதா என்று நீளத்தைப் பார்த்து மதிப்பெண். தாளில் 'தவறு' என்று இருந்தால் கை தானாகச் சுழியைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு இத்தனை தாள் என்று கட்டு கட்டாக வைத்தால் வேறு எப்படி நடக்கும்? நான் வேகத்துக்குப் பேர்போனவள். 'மெஷின் மாதிரிம்மா நீங்க' என்று நடேசன் சார் அன்று காலையில்தான் பாராட்டியிருந்தார். நானும் பூரித்துப்போனேன்.

விடைக்குறிப்பில் 'சரி' என்று இருந்தது. பாடப்புத்தகத்தில் 'எல்லா விண்மீன் மண்டலங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்கின்றன' என்று ஒரு வரி இருந்ததால் அப்படி. அந்த வரியை நானே எத்தனையோ வருஷம் வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். ஒரு நாளாவது நின்று யோசித்தேனா என்றால் இல்லை.

வீட்டில் சிரிப்பு எடுபடவில்லை

சாயங்காலம் பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினத்தில் இறங்கி, சந்தையில் கீரையும் நெத்திலியும் வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். காபி போடும்போதே இந்த ஜோக்கை வீட்டுக்காரரிடம் எடுத்துவிட்டேன். டிராக்டர் வரைக்கும் நடித்தே காட்டினேன்.

அவர் திருநெல்வேலிக்காரர். சிரிக்கிற விஷயம் என்றால் முதலில் சிரித்துவிடுவார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ள சரியாத்தான எழுதிருக்கா. நீங்க எல்லாரும் எதுக்குச் சிரிச்சிய?"

புத்தகத்தில் அப்படி இல்லையே என்றேன். புத்தகத்தைத் தூக்கிப் போடு என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். விரிவது தூரத்துக்குத் தக்கபடி நடக்கிறது. எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக விலகும். பக்கத்தில் இருப்பதற்கு அந்த விலகல் மிகக் கொஞ்சம், அங்கே ஈர்ப்பின் பிடிதான் பெரிது. விண்மீன் மண்டலங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கவில்லை, குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் விரிகிறது, குடும்பத்துக்குள் இல்லை. நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மண்டலமான ஆண்ட்ரோமெடா விலகவே இல்லை, நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. பல நூறு கோடி வருஷம் கழித்து இரண்டும் கலந்துவிடலாம்.

சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் நூலகத்துக்குப் போய் ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். அதில் ஒரு படம். இரண்டு விண்மீன் மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, நீளமான வால்கள் இரண்டு பக்கமும் இழுபட்டுக் கிடந்தன. மோதிக்கொண்டிருப்பதைப் படமே பிடித்துவிட்டார்கள், நாங்கள் 'ஒருபோதும் மோதாது' என்று விடைக்குறிப்பு போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒருபக்கம் வெட்கம், ஒருபக்கம் ஆத்திரம். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்கு விளங்கியது எனக்கு ஏன் விளங்கவில்லை?

இதில் கொடுமை என்னவென்றால், அந்தக் கடற்கரைக் கூட்டம் எனக்குத் தெரியாததும் இல்லை. கல்யாணமான புதிதில் நாங்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனோம். தீர்த்தவாரி முடிந்து ஜனம் கலையும்போது செருப்பைத் தேடுகிறேன் பேர்வழி என்று நான் இவர் கையை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறது, ஒரு பக்கம் லாரிக்கு ஓடுகிறது, சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் தூரமாகிக்கொண்டே போயின. வேர்க்கடலை வண்டிக்குப் பக்கத்தில் நான் அழாத குறையாக நிற்க, இவர் எதிர்த்திசையிலிருந்து கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என்மேலேயே மோதினார். என் ஒற்றைச் செருப்பு அவர் கையில் இருந்தது. அதே கடற்கரையில் அந்தப் பெண் பிரபஞ்சத்தைப் பார்த்திருக்கிறாள். நான் செருப்பைத் தேடியிருக்கிறேன்.

கட்டின் மேல் கால்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தாள் திருத்தும் முகாமின் இரண்டாம் நாள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி, தடிப் புத்தகத்தோடு நடேசன் சார் முன்னால் போய் நின்றேன். படத்தைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகத்தான் பார்த்தார்.

"நல்லாக்கீதும்மா படம். ஆனா கட்டு கட்டியாச்சே" என்றார்.

முதல் நாள் தாள்களின் மதிப்பெண்களை ஏட்டில் ஏற்றி, தாள்களைச் சணல் போட்டுக் கட்டி, அரக்கு வைத்துவிட்டார்களாம். அரக்கு வைத்த கட்டைப் பிரிக்க அறக்கட்டளை அனுமதி வேண்டுமாம். கட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நான் குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் இருந்தது. அவருடைய இரண்டு காலும் அதன் மேல்தான் இருந்தன.

எனக்கு வந்ததே கோபம். இங்கேதானே சார் இருக்கிறது, கத்தியைக் கொடுங்கள், நானே பிரிக்கிறேன் என்றேன். முதல் நாள் அப்படிச் சிரித்த மேரி டீச்சர் ஜல்லிக்கல்லை உருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். மீதிப் பத்துப் பேரில் ஒருவராவது எழுந்து வருவார் என்று பார்த்தேன். ஒருவரும் வரவில்லை.

நடேசன் சார் குரலை உயர்த்தவே இல்லை. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமாட்டேன், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பொறுமையாக ஒவ்வொன்றாக அடுக்கினார். விடைக்குறிப்பு அறக்கட்டளை அனுப்பியது, அவர் எழுதியது இல்லை. ஒரு பெண்ணுக்கு மாற்றினால் எல்லாருக்கும் மாற்ற வேண்டும். 'தவறு' என்று குருட்டாம்போக்கில் எழுதியவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் போடுவதா? காரணத்தைப் படித்துவிட்டுப் போடலாமே என்றேன்.

"இத்தினி தாள்ல காரணத்த யாரும்மா படிக்கறது?" என்றார்.

அதற்கப்புறம் ஏட்டைத் திருப்பி என் பக்கமாக நகர்த்தினார். அந்தத் தாளின் வரிசையில், மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில், என் கையெழுத்து. "நீங்கதான போட்டீங்க? நாங்க யாராச்சும் உங்க கையப் புடிச்சோமா?"

மதியம் டீ வந்தது, குடித்தேன். மீதித் தாள்களையும் திருத்தினேன். அன்றைக்கு ஒவ்வொரு காரணத்தையும் கடைசி வரி வரைக்கும் படித்தேன். எனக்குக் கொடுத்த கட்டில் பாதிகூட முடியவில்லை. மெஷின் பழுதாகிவிட்டது என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்.

அறக்கட்டளைக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். படத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்தேன். பதிலுக்கு ஒரு அச்சடித்த அட்டை வந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' அடுத்த வருஷம் தாள் திருத்த என்னைக் கூப்பிடவில்லை. அந்த அறிவியல் பிரிவில் என்ன அறிவியல் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

படாளம்

முடிவு வந்தது. பள்ளிக்கூட வாசலில் பட்டியலை ஒட்டினார்கள். பத்தாவதாக வந்த பெண் எழுபத்தொன்று. பதினோராவது பெயர் அம்சவேணி, படாளம், அறுபத்தெட்டு. அந்த ஊரிலிருந்து பட்டியலில் வேறு யாரும் இல்லை. அறுபத்தெட்டோடு ஐந்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு விரல் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் மதுராந்தகம் போகும் பஸ்ஸில் ஏறிப் படாளத்தில் இறங்கினேன். கரும்பு வெட்டும் காலம். ரோடு முழுக்கக் கரும்பின் காய்ந்த சோகை சிதறிக் கிடந்தது. டீக்கடையில் அம்சவேணி பெயரைச் சொன்னதும், டிராக்டர் ஓட்டும் ஏழுமலை மகளா என்று வழி சொல்லிவிட்டார்கள்.

வாசலில் அந்த டிராக்டரே நின்றுகொண்டிருந்தது. சிவப்பு இஞ்சின், பின்னால் டிரெய்லர். ஏழுமலை சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அம்சவேணிதான் கொண்டுவந்தாள். ஒல்லியாக, நெற்றியில் வியர்வையோடு இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அக்காவோடு கம்பெனிக்குப் போவதாக இருந்தாள்.

தேர்வில் உங்கள் பெண் எழுதிய ஒரு பதிலுக்கு மார்க் போடவில்லை, ஆனால் அவள் எழுதியதுதான் சரி, விடைக்குறிப்புதான் தப்பு, அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று ஏழுமலையிடம் ஒரே மூச்சில் சொன்னேன். ஏதோ பெரிய நியாயம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்போ சீட்டு குடுப்பாங்களா டீச்சரம்மா?"

"இல்லீங்க. லிஸ்ட் முடிஞ்சிடுச்சி."

"சரின்னும் சொல்றீங்க. சீட்டும் இல்லன்றீங்க. அப்புறம் இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எழுதிப் போட்டிருக்கிறேன், மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்று என்னென்னவோ பூசி மெழுகினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அம்சவேணியிடம், இதை எங்கே படித்தாய் என்று கேட்டேன். எங்கேயும் படிக்கவில்லையாம்.

"புக்லயே ரெண்டும் கீது டீச்சர். ஒரு பக்கத்துல எல்லாம் வெலகுதுன்னு போட்டுகீது, இன்னொரு பக்கத்துல எல்லாம் இழுத்துக்குதுன்னு போட்டுகீது. ரெண்டுமே நெசம்னா, கிட்டகீறதுக்கு இழுக்கறதுதான ஜெயிக்கும்?"

இருபது வருஷம் அந்த இரண்டு பக்கங்களையும் நடத்தியவள் நான். ஒரு பக்கத்தை ஜூலையில், இன்னொரு பக்கத்தைத் தீபாவளிக்கு அப்புறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

கிளம்பும்போது ரோடு வரைக்கும் கூடவே வந்தாள். எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"திருத்துனவங்க யாரு டீச்சர்? உங்களுக்குத் தெரியுமா?"

"யாரோ செங்கல்பட்டுல ஒருத்தரு" என்றேன்.

"நான் அடியில எழுதுனதப் படிச்சாங்களா?"

"படிச்சாங்கம்மா."

அவள் முகம் மாறியது. அதுவரைக்கும் அதில் ஏமாற்றம் மட்டும்தான் இருந்தது.

"படிச்சிட்டுமா முட்ட போட்டாங்க?"

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்துகொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பாக்கி இருக்கும் பதில்

அப்புறம் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருமுறை படாளம் போனேன். ரோடு அகலமாகிவிட்டது. ஏழுமலை குடும்பம் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒரகடம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அம்சவேணிக்குக் கல்யாணம் ஆனதா, மேலே படித்தாளா, யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நடேசன் சார் காலமாகிவிட்டார். அந்த அறக்கட்டளை இன்னும் தேர்வு நடத்துகிறது, பேப்பரில் விளம்பரம் வருகிறது.

இத்தனை வருஷமும் இந்தக் கதையைச் சொந்தக்காரர்களிடம், ஸ்டாஃப் ரூமில், சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கொதித்திருக்கிறேன். விடைக்குறிப்பைத் திட்டுவேன், கட்டின் மேல் வைத்த காலைத் திட்டுவேன், அச்சடித்த அட்டையைத் திட்டுவேன். கேட்கிறவர்களும் என்னோடு சேர்ந்து கொதிப்பார்கள். பஸ் வந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். கடைசிக் கேள்வியை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டுக்காரரிடம்கூட.

அம்சவேணி, இந்தப் பத்திரிகை உன் கைக்கு வருமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் இதைக் கடைசி வரி வரைக்கும் படி. படித்துவிட்டு யாரும் உனக்கு முட்டை போடவில்லை. 'தவறு' என்று நீ எழுதிய முதல் சொல்லோடு நின்றுவிட்டு, கீழே ஒரு எழுத்தும் படிக்காமல் போட்டார்கள். போட்டது யாரோ ஒருத்தர் இல்லை. உன் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேனே, நான்தான்.